குவான்ட் சைக்காலஜி மேல்படிப்பு: நேரா பிஎச்டியா, காசு கட்டி எம்எஸ்ஸா, யூரோப்பா, இல்ல இங்கயே ரெண்டு வருஷமா?

பாளையங்கோட்டையில பிஎஸ்சி சைக்காலஜி முடிக்கப் போற பிள்ளைங்களும் கேக்காவ, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் மேத்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சிட்டு "மனுஷங்க சம்பந்தப்பட்ட டேட்டாவுல வேல பாக்கணும்க்கா"ன்னு சொல்ற பிள்ளைங்களும் கேக்காவ. குவாண்டிடேட்டிவ் சைக்காலஜிக்கு அப்ளை பண்ணணும், எந்த வழியா போனா நல்லது? ஒவ்வொருத்தருக்கா மெசேஜ்ல பதில் சொல்லி மாளல, அதான் இங்க மொத்தமா எழுதுதேன்.

இது என்ன படிப்புன்னு தெரியாதவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. கவுன்சிலிங், தெரபி எதுவும் இதுல கிடையாது. மனச அளக்குற அளவுகோல் சரியா இருக்கான்னு கணக்கு போட்டுப் பாக்குற படிப்பு இது. ஜேஇஇ மெயின் வேற வேற ஷிஃப்ட்ல நடக்கு, ஒரு ஷிஃப்ட் வினாத்தாள் கஷ்டம் இன்னொன்னு லேசு, அப்ப ரெண்டு பேரு மார்க்க எப்படி ஒரே தராசுல நிறுத்துறது? டிப்ரஷன் கேள்வித்தாள் ஒண்ண கிராமத்துல இருக்க பாட்டியும் காலேஜ் பிள்ளையும் நிரப்புனா ரெண்டு ஸ்கோரும் ஒரே அர்த்தம்தானா? இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் கணக்கு மாடல் கட்டுறவங்கதான் குவான்ட் ஆளுங்க. இந்தத் துறைக்குன்னு சைக்கோமெட்ரிக் சொசைட்டின்னு ஒண்ணு 1935-லயே ஆரம்பிச்சாச்சு, அத முன்ன நின்னு ஆரம்பிச்ச தர்ஸ்டன் மொதல்ல இன்ஜினியரிங் படிச்சவரு. அதனால மேத்ஸ், இன்ஜினியரிங் பிள்ளைங்க "நமக்கு சைக்காலஜி டிகிரி இல்லையே"ன்னு தயங்கவே வேண்டாம், உங்களத்தான் அவங்க தேடுதாங்க.

இனி விஷயத்துக்கு வாரேன். நம்ம ஊர்ல எல்லாரு மண்டையிலயும் ஒரு வரிசை பதிஞ்சு கெடக்கு, மொதல்ல கடன் வாங்கி எம்எஸ், அது முடிஞ்சா "வசதிப்பட்டா" பிஎச்டி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைங்க அப்படிப் போயிப் போயி நமக்கும் அதான் பாதைன்னு ஆயிட்டு. இந்தத் துறையில அது தலைகீழ். பெரும்பாலும் பிஎச்டிக்குத்தான் அவங்க காசு குடுக்காவ, எம்எஸ்ஸுக்குத்தான் நாம குடுக்கணும். இத மனசுல வச்சிக்கிட்டு மேல படிங்க.

## எத வச்சு எடை போடணும்

மொத கேள்வி, யாரு காசு? ட்யூஷன் மட்டும் இல்ல, கெளம்புறதுக்கு முன்னால ஆகுற செலவும் போயி எறங்குன மொத மாசச் செலவும் சேத்து.

ரெண்டாவது, உங்க கணக்கு எந்த அளவுல இருக்கு. கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கூட ஆர் இல்லன்னா பைத்தான்ல கோட் எழுதத் தெரியணும். எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேர்ல மெனுவ அமுக்கி டி-டெஸ்ட், அனோவா போட்டது மட்டும் பத்தாது, சைக்காலஜி பிள்ளைங்களுக்கு இத நான் வருத்தத்தோடதான் சொல்லுதேன், ஏன்னா சிலபஸ் அவ்வளவுதான் குடுக்கு, அவங்க தப்பு இல்ல.

மூணாவது, நீங்க ஆராய்ச்சி பண்ணிருக்கீங்கன்னு யாரு சாட்சி சொல்லுவா? மூணு ரெக்கமெண்டேஷன் லெட்டர் வேணும், அதுல ஒண்ணாவது உங்க கூட உக்காந்து டேட்டாவப் பாத்தவரு எழுதுனதா இருக்கணும்.

நாலாவது, பாதியில நின்னா கையில என்ன மிஞ்சும். அஞ்சாவது வீட்டு நெலம. அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட் எப்ப, தங்கச்சி கல்யாணம் எப்ப, வீட்டுப் பத்திரம் ஏற்கனவே பேங்க்ல இருக்கான்னு எல்லாம் பாக்கணும். இதப் பேசக் கூச்சப்பட்டு அப்ளை பண்ணிட்டு, ஆஃபர் வந்த பெறவு போவ முடியாம நின்ன பிள்ளைங்கள எனக்குத் தெரியும்.

ரேங்க்க நான் இதுல சேக்கல. சித்தப்பா, மாமா எல்லாரும் "அது உலகத்துல எத்தனாவது?"ன்னு மொதல்ல அதத்தான் கேப்பாவ, ஆனா ஒரு டிபார்ட்மெண்ட்ல குவான்ட் ஆளுங்கன்னு இருக்கது ஒரு கைப்பிடி பேருதான், அதுல உங்க கேள்விக்கு ஏத்த ஆளு இருக்காரா, அவரு இந்த வருஷம் ஸ்டூடண்ட் எடுக்காரா, அவ்வளவுதான் முக்கியம்.

## நேரா அமெரிக்க பிஎச்டி

இதுக்கு மாஸ்டர்ஸ் கட்டாயம் இல்ல, பல எடத்துல போற வழியிலயே மாஸ்டர்ஸ் டிகிரியும் குடுத்துருவாங்க. ட்யூஷன் தள்ளுபடி, மாசாமாசம் ஸ்டைபண்ட், பதிலுக்கு வாரத்துக்கு இருபது மணி நேரம் வரைக்கும் டீச்சிங் அசிஸ்டண்ட்டாவோ ரிசர்ச் அசிஸ்டண்ட்டாவோ வேல, இதுதான் பொதுவான ஏற்பாடு. ஸ்டைபண்ட் ஊருக்கு ஊரு மாறும், வருஷத்துக்கு சுமாரா இருபதாயிரத்துல இருந்து நாப்பதாயிரம் டாலர் வரைக்கும் பாக்கலாம். அஞ்சு வருஷம் ஆகும்னு வச்சிக்கோங்க, சிலருக்கு ஆறு.

எடங்கன்னு பாத்தா நார்த் கரோலினா சேப்பல் ஹில் (தர்ஸ்டன் பேர்ல லேப் இருக்கது இங்கதான்), நோட்ர டேம், யுசிஎல்ஏ, யுசி டேவிஸ், ஒஹையோ ஸ்டேட், இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன், அரிசோனா ஸ்டேட், வாண்டர்பில்ட், வர்ஜினியா. நம்ம பிள்ளைங்க நெறைய பேரு கவனிக்காம விடுறது ஒண்ணு இருக்கு, இதே படிப்பு எஜுகேஷன் ஸ்கூல் உள்ள வேற பேர்ல இருக்கு. மேரிலாண்ட், யுமாஸ் ஆம்ஹெர்ஸ்ட், பாஸ்டன் காலேஜ், அயோவால்லாம் மெஷர்மெண்ட், சைக்கோமெட்ரிக்ஸ்ங்கிற பேர்ல நல்ல ப்ரோக்ராம் வச்சிருக்காங்க. பரீட்சை, மார்க்கு, ஸ்கேலிங் இதுலதான் உங்களுக்கு ஆசைன்னா சைக்காலஜி டிபார்ட்மெண்ட்டவிட இதுதான் பொருந்தும், ஈடிஎஸ் மாதிரி டெஸ்ட் நடத்துற கம்பெனில சைக்கோமெட்ரிஷியன் வேலைக்கும் இங்கருந்து நேர் வழி.

மறைஞ்சு கெடக்குற செலவச் சொல்லுதேன். அப்ளிகேஷன் ஃபீஸ் ஒரு எடத்துக்கு ஐம்பதுலருந்து நூறு டாலர் இருக்கும், எட்டு எடம் போட்டாலே அரை லட்சம் ரூபா போயிரும். ஃபீஸ் தள்ளுபடி கேட்டா குடுக்குற யுனிவர்சிட்டியும் உண்டு, வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு எல்லா எடத்துலயும் கெடையாது, ஆனா ஒரு மெயில் போட்டுக் கேக்கதுல என்ன நஷ்டம். ஜிஆர்இங்கிற நுழைவுத் தேர்வுக்கு இருபதாயிரத்துக்கு மேல. 2020-க்குப் பெறவு நெறைய ப்ரோக்ராம் ஜிஆர்இ வேண்டாம்னு எடுத்துட்டு, சிலது விருப்பம்னு வச்சிருக்கு, அதனால மொதல்ல லிஸ்ட் போட்டு யாருக்கு வேணும்னு பாத்துட்டு பணத்தக் கட்டுங்க. ஆனா பேர் தெரியாத காலேஜ்லருந்து வார பிள்ளைக்கு குவான்ட் ஸ்கோர் நல்லா இருந்தா அது ஒரு பலம்தான், விருப்பம்னு போட்டிருந்தாலும் நான் எழுதச் சொல்லுவேன். டோஃபல் இல்லன்னா ஐஇஎல்டிஎஸ், பெறவு செவிஸ்ங்கிற ஸ்டூடண்ட் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர், நெல்லை எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போயி வார செலவு, ஃப்ளைட். போயி எறங்குன பெறவு வாடகை அட்வான்ஸ் கட்டணும், ஆனா மொத ஸ்டைபண்ட் வர ஒரு மாசத்துக்கு மேல ஆகலாம். எல்லாம் சேத்து மூணு நாலு லட்சம் கையில இல்லாம கெளம்ப முடியாது. இது எம்எஸ் கடன்ல பத்துல ஒரு பங்குகூட இல்லங்கறதும் உண்மை.

ஆஃபர் லெட்டர் வந்தா சந்தோஷத்துல மொத்தத் தொகைய மட்டும் பாக்காதீங்க. ஒம்பது மாசத்துக்கா பன்னெண்டு மாசத்துக்கா, சம்மர்ல காசு உண்டா, ஹெல்த் இன்ஷூரன்ஸ் அவங்க கட்டுதாங்களா, ட்யூஷன் போக "ஃபீஸ்"னு தனியா எவ்வளவு, எத்தன வருஷத்துக்கு உத்தரவாதம். இந்த அஞ்சையும் மெயில்ல கேட்டு எழுத்துல வாங்குங்க. முப்பதாயிரம் டாலர்னு வந்த ஆஃபர்ல ஃபீஸும் இன்ஷூரன்ஸும் நம்ம தலையில விழுந்துச்சுன்னா, இருபத்தஞ்சு குடுத்து அத அவங்களே கட்டுற எடம் மேலாக்கூட இருக்கலாம்.

மூணு வருஷ டிகிரி பிரச்சினையும் இருக்கு. சில கிராஜுவேட் ஸ்கூல் நாலு வருஷ டிகிரிதான் வேணும்னு நிக்கும், சிலது மூணு வருஷத்தயும் ஏத்துக்கும். அப்ளை பண்றதுக்கு முன்னாலயே அட்மிஷன் ஆஃபீஸுக்கு எழுதிக் கேட்டுருங்க, ஃபீஸ் கட்டுன பெறவு தெரிஞ்சா பணம் திரும்பாது.

கெடைக்குற வாய்ப்பு? உண்மையச் சொல்லணும்னா ஒரு ப்ரோக்ராம்ல வருஷத்துக்கு ரெண்டு மூணு பேருதான் எடுப்பாங்க, சில வருஷம் எடுக்கவே மாட்டாங்க. 2025-ல ஃபண்டிங் பிரச்சினையில பல யுனிவர்சிட்டி பிஎச்டி சீட்டக் கொறச்சிட்டு, விசா விதியும் மாறிட்டே இருக்கு. இன்னொரு பக்கம் பாத்தா கிளினிக்கல் சைக்காலஜிக்கு வார கூட்டம் இங்க வராது, கணக்கு தெரிஞ்ச பிள்ளை அப்ளை பண்ணுனா அந்த அப்ளிகேஷன நின்னு படிப்பாங்க.

மேத்ஸோ ஸ்டாட்டிஸ்டிக்ஸோ நல்ல மார்க்கோட முடிச்சு, ஏதாவது ஒரு ப்ராஜெக்ட்ல நெசமா டேட்டாவத் தொட்ட பிள்ளைக்கு இதுதான் மொத வழி. நமக்குக் கெடைக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணி விட்டுறாதீங்க.

## காசு கட்டி அமெரிக்காவுல எம்எஸ்

பால் ஸ்டேட்ல குவான்ட் சைக்காலஜி எம்எஸ் இருக்கு, வாண்டர்பில்ட்ல குவாண்டிடேட்டிவ் மெத்தட்ஸ்ல மாஸ்டர்ஸ் இருக்கு, இன்னும் சில எடத்துலயும் உண்டு. ரெண்டு வருஷம், பிரைவேட் யுனிவர்சிட்டின்னா ட்யூஷன், வாடகை, சாப்பாடு சேத்து ஐம்பது லட்சத்தத் தாண்டிரும். பேங்க்ல ஏழரை லட்சத்துக்கு மேல கடன்னா பொதுவா வீடோ நெலமோ அடமானம் கேப்பாங்க, படிக்கிற காலத்துலயும் வட்டி ஓடிட்டுத்தான் இருக்கும். எஃப்-1ங்கிற ஸ்டூடண்ட் விசாவுல படிப்புக் காலத்துல வாரத்துக்கு இருபது மணி நேரம் கேம்பஸ் உள்ள மட்டும்தான் வேல, அத வச்சு ட்யூஷன் கட்டிரலாம்னு யாரும் சொன்னா நம்பாதீங்க.

இதுல ஒரு நல்லது, சைக்கோமெட்ரிக்ஸ் அண்ட் குவாண்டிடேட்டிவ் சைக்காலஜிங்கிற படிப்போட கோட் நம்பர் ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ்) பட்டியல்ல இருக்கு, அதனால படிச்ச பெறவு ஒரு வருஷ ஓபிடியோட (படிப்பு முடிச்சு அங்கயே வேல பாக்க அனுமதி) இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிப்பு கெடைக்க வழி உண்டு. ஆனா விசாவுக்காக யுனிவர்சிட்டி குடுக்குற ஐ-20 படிவத்துல உங்க ப்ரோக்ராமுக்கு எந்தக் கோட் நம்பர் போடுதாங்கன்னு முன்னாலயே கேக்கணும். எஜுகேஷன் ஸ்கூல் மாஸ்டர்ஸ்ல சிலதுக்கு கோட் நம்பர் வேற, அப்ப இந்தக் கணக்கு மொத்தமா மாறிரும்.

அசிஸ்டண்ட்ஷிப் எழுத்துல உறுதியா கெடைச்சா போங்க. நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் மாதிரி முழுச் செலவும் ஏக்குற உதவி கெடைச்சாலும் போங்க. அது எஸ்சி உள்ளிட்ட பிரிவுகளுக்கானது, குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள்ள, வயசு 35-க்குள்ள இருக்கணும். நம்ம மாநில அரசோட அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகையும் இருக்கு, ஆதிதிராவிடர் நலத்துறை ஆஃபீஸ்ல கேளுங்க. இதுல எதுவும் இல்லாம வீட்ட அடமானம் வச்சு, வேல கெடைச்சாத்தான் கடன் அடையும்ங்கற நெலமையில இந்தப் படிப்புக்கு எம்எஸ் போறத நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

## யூரோப் மாஸ்டர்ஸ்

யூரோப்ல பிஎச்டிங்கறது சம்பள வேல. நெதர்லாண்ட்ஸ்ல பெரும்பாலும் நாலு வருஷ கான்ட்ராக்ட், ஊழியர் மாதிரியே சம்பளம், லீவு எல்லாம். ஆனா அதுக்கு மாஸ்டர்ஸ் கட்டாயம். அதனால யூரோப் வழின்னா மாஸ்டர்ஸ்ல இருந்துதான் தொடங்கணும்.

ஆம்ஸ்டர்டாம், யுட்ரெக்ட், லைடன், டில்பர்க், பெல்ஜியத்துல லூவன், இதெல்லாம் மெத்தடாலஜிக்குப் பேர்போன எடங்க. ஜாஸ்ப்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போடுற ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்குல்லா, அது ஆம்ஸ்டர்டாம்ல பொறந்ததுதான். நெதர்லாண்ட்ஸ்ல நமக்கு ட்யூஷன் வருஷத்துக்கு இருபதாயிரம் யூரோவ ஒட்டி வரும், அதுல ஸ்காலர்ஷிப் இல்லாம போறது அமெரிக்க எம்எஸ் கதைதான். ஜெர்மனி வேற மாதிரி. ட்யூபிங்கன்ல குவாண்டிடேட்டிவ் டேட்டா சயின்ஸ் மெத்தட்ஸ்னு இங்கிலீஷ்லயே மாஸ்டர்ஸ் நடக்கு, சைக்கோமெட்ரிக்ஸ் அதுல ஒரு முக்கியப் பகுதி. அந்த மாநிலத்துல வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு ட்யூஷன் செமஸ்டருக்கு 1,500 யூரோதான்.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா, பிளாக்டு அக்கவுண்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், நம்ம ரூபாய்க்கு சுமாரா பன்னெண்டு லட்சம். அது செலவு இல்ல, மாசாமாசம் 992 யூரோவா நமக்கே திரும்பி வரும், ஆனா கெளம்பும்போது மொத்தமா கையில இருக்கணும். நம்ம படிப்புச் சான்றிதழ்களச் சரிபாத்துக் குடுக்குற ஏபிஎஸ் சர்டிஃபிகேட்டுக்கு 18,000 ரூபா, அது இல்லாம விசா கெடைக்காது, வர நாளாகும், சீக்கிரமே போட்டுருங்க. ட்யூபிங்கன் சின்ன ஊரு, ரூம் கெடைக்கது பெரிய பாடு. பாட மொழி இங்கிலீஷா இருந்தாலும் பெறவு வேல தேடும்போது ஜெர்மன் இல்லன்னா கதவு பாதிதான் தெறக்கும்.

கணக்கு ஓரளவு இருக்கு, ஆராய்ச்சி அனுபவம் கம்மி, வீட்டுல பதிமூணு பதினஞ்சு லட்சம் வரைக்கும் தாங்கும், அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஜெர்மனி நல்ல வழி.

## இங்கயே ரெண்டு வருஷம்

இத யாரும் மதிக்கமாட்டக்காவ, "வெளிநாடு கெடைக்காதவன் படிக்கது"ன்னு நெனைக்காவ. சைக்காலஜி பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் சரியான வழின்னு நான் நெஞ்சுல கை வச்சுச் சொல்லுவேன்.

மேத்ஸ் அஸ்திவாரம் இருந்தா எம்எஸ்சி ஸ்டாட்டிஸ்டிக்ஸ். நம்ம அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டியிலயே (மனோன்மணியம் சுந்தரனார்) ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டிபார்ட்மெண்ட் இருக்கு. பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியில ஸ்டாட்டிஸ்டிக்ஸும் அப்ளைடு சைக்காலஜியும் ஒரே கேம்பஸ்ல இருக்கு, ரெண்டு பக்கமும் ஆளு பழக்கம் கெடைக்கும். ஐஐடி எம்எஸ்சிக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி கான்பூர், பாம்பேல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போனா ரெக்கமெண்டேஷன் லெட்டரோட எடையே வேற. கல்கத்தா ஐஎஸ்ஐ (இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் இன்ஸ்டிட்யூட்) உள்ள சைக்காலஜி ரிசர்ச் யூனிட்னே ஒண்ணு இருக்கு, இந்தியாவுல சைக்கோமெட்ரிக்ஸ் பண்ணணும்னா மொதல்ல எட்டிப் பாக்க வேண்டிய எடம். நெட் பரீட்சை எழுதி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கெடைச்சா மாசம் 37,000 ரூபா, 2023-லருந்து அந்தத் தொகை, அதோட இங்கயே பிஎச்டி பண்றதும் குறைஞ்ச விஷயம் இல்ல.

சைக்காலஜி மட்டும் படிச்ச பிள்ளைங்களுக்கு எம்எஸ்சி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சீட் கஷ்டம், ஏன்னா பிஎஸ்சியில மேத்ஸ் கேப்பாங்க. அப்ப எம்எஸ்சி சைக்காலஜி படிச்சிக்கிட்டே பக்கத்துல என்பிடிஇஎல்ங்கிற ஆன்லைன் கோர்ஸ் தளத்துல லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, ரிக்ரஷன் பண்ணி, ஆயிரம் ரூபா கட்டி நேர்ல பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்குங்க. ஆர் ஃப்ரீ, அதுக்குள்ள ஓடுற பேக்கேஜ்ல ஃபேக்டர் அனாலிசிஸ், எஸ்இஎம்முக்கு (ஸ்ட்ரக்சுரல் ஈக்வேஷன் மாடல்) லவான் ஃப்ரீ, ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரிக்கு எம்ஐஆர்டி ஃப்ரீ. பெருமாள்புரத்து ரூம்ல உக்காந்து, லூவன்ல படிக்கிற பிள்ளை ஓட்டுற அதே மாடல நீங்களும் ஓட்டலாம்.

இதுல போற விலை வயசும் பொறுமையும்தான். ரெண்டு வருஷம் ரெண்டரை ஆகும், கல்யாணப் பேச்சு வரும், குறிப்பா பொம்பளப் பிள்ளைங்களுக்கு. அதுக்கு முன்னாலயே அம்மாகிட்ட உக்காந்து, "இந்த ரெண்டு வருஷத்துல இது இது பண்ணப் போறேன், இந்தத் தேதியில அப்ளை பண்ணுவேன்"னு பேப்பர்ல எழுதிக் காட்டுனா வீட்டுல நெலமை கொஞ்சம் எளகுறத நான் பாத்துருக்கேன்.

## ஒரே பார்வையில

| | கெளம்ப கையில வேணும் | கணக்கு எவ்வளவு | பாதியில நின்னா |
|---|---|---|---|
| அமெரிக்க பிஎச்டி | 3–4 லட்சம் | முழுசா வேணும் | பெரும்பாலும் மாஸ்டர்ஸோட வரலாம், கடன் இல்ல |
| அமெரிக்க எம்எஸ் | கடன்தான், 50 லட்சம் பக்கம் | நடுத்தரம் | கடன் நிக்கும் |
| ஜெர்மனி மாஸ்டர்ஸ் | 13–15 லட்சம் | நடுத்தரத்துக்கு மேல | செலவானது போக மிச்சம் திரும்பும் |
| இங்கயே | கம்மி | இங்கதான் கட்டணும் | ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சா வேல உண்டு |

ரெண்டு மூணு வழிய ஒண்ணாப் போடலாம். எட்டு பிஎச்டி அப்ளிகேஷன் போடுறதுக்குப் பதிலா அஞ்சு பிஎச்டி, ஒரு ஜெர்மனி, கூடவே இங்க எம்எஸ்சிக்கு ஜாம் இல்லன்னா சியுஇடி நுழைவுத் தேர்வு. எங்கிட்ட கேக்க பிள்ளைங்களுக்கெல்லாம் இதத்தான் சொல்லுதேன்.

## எந்த வழியானாலும் எஸ்ஓபியும் லெட்டரும்

எஸ்ஓபி, அதாவது ஏன் படிக்க வாரோம்னு நாம எழுதுற கட்டுரை, அத எடுத்தாலே "சின்ன வயசுலருந்தே மனித மனம் எனக்கு வியப்பு"ன்னு தொடங்காங்க. அந்த வரிய யாரு வேணும்னாலும் எழுதலாம், படிக்கிற ப்ரொஃபசருக்கு உங்களப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒரு தங்கச்சி ஹாஸ்டல் பிள்ளைங்ககிட்ட ஸ்ட்ரெஸ் கேள்வித்தாள் குடுத்தா. அஞ்சு கட்டம், "இல்லவே இல்ல"லருந்து "எப்பவும்" வரைக்கும். வார்டன் பக்கத்துல நின்ன அன்னைக்கி நிரப்புன தாள்லல்லாம் நடுக்கட்டமா டிக் விழுந்துருக்கு. கைடு ஆவரேஜ் போட்டு முடின்னுட்டாரு. அவளுக்கு மனசு கேக்கல, நடுக்கட்டம்னா நெசமாவே நடுத்தர ஸ்ட்ரெஸ்ஸா, இல்ல பதில் சொல்ல விரும்பாததா, ரெண்டையும் ஒரே நம்பரா எடுத்தா ஆவரேஜ்க்கு என்ன அர்த்தம்னு தேடித் தேடி ரெஸ்பான்ஸ் ஸ்டைல், ஐட்டம் ரெஸ்பான்ஸ் மாடல்னு தானாப் படிச்சிருக்கா. "இத எழுதும்மா, இதுதான் உன் மொத பாரா"ன்னேன். குவான்ட் ப்ரொஃபசர் ஒருத்தர் அந்த நாலு வரியப் படிச்சா நிமிந்து உக்காருவாரு.

லெட்டர் விஷயம். நம்ம பக்கம் "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்"னு சார்மாரு அன்பாத்தான் சொல்லுவாவ. அதுல "ஒழுக்கமான, கடின உழைப்பாளி மாணவி"ன்னு நிக்கும், ஒண்ணுக்கும் உதவாது. அதுக்குப் பதிலா ஒரு பக்கத்துக்கு நீங்க பண்ணுனத மட்டும் எழுதிக் குடுங்க, எந்த டேட்டா, என்ன சிக்கல், நீங்க என்ன கோட் எழுதுனீங்க, எந்தக் கேள்விய வகுப்புல கேட்டீங்கன்னு. "சார், இத வச்சு ஒங்க வார்த்தையில எழுதித் தாங்க"ன்னு கேட்டா மாட்டேன்னு சொல்றவரு கம்மிதான். லெட்டர் ஏத்துறதுக்கான லிங்க் அவரு மெயிலுக்கு நேராப் போகும், காலேஜ் மெயில் ஐடி இருந்தா அதக் குடுங்க, ஜிமெயில சில யுனிவர்சிட்டி சந்தேகமாப் பாக்கும்.

ஜூலையில லிஸ்ட்டும் மூணு வருஷ டிகிரி கேள்வியும் முடிச்சிருங்க. ஆகஸ்ட், செப்டம்பர்ல ப்ரொஃபசருக்கு மெயில், ஆறேழு வரிக்கு மேல வேண்டாம், அவரு பேப்பர் ஒண்ணப் படிச்சு அதுல ஒரு கேள்வி, "இந்த வருஷம் ஸ்டூடண்ட் எடுக்கீங்களா?", அவ்வளவுதான். டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு யுனிவர்சிட்டி ஆஃபீஸ்ல அப்பவே எழுதிக் குடுத்துருங்க, தீபாவளி லீவு குறுக்க வரும். டெட்லைன் பெரும்பாலும் டிசம்பர் 1-லருந்து 15-க்குள்ள, ஜனவரி, பிப்ரவரியில வீடியோ இன்டர்வியூ. ஃபண்டிங்கோட ஆஃபர் வந்தா அவசரப்பட்டு உடனே சரின்னு சொல்ல வேண்டாம், கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸோட தீர்மானத்துல கையெழுத்துப் போட்ட யுனிவர்சிட்டி எல்லாம் ஏப்ரல் 15 வரைக்கும் டைம் குடுக்கணும். எவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு அந்தக் கவுன்சில் வெப்சைட்லயே லிஸ்ட் இருக்கு. மார்ச்ல யாராவது நெருக்குனா அதப் பாத்துட்டு, மரியாதையா ஏப்ரல் 15 வரைக்கும் டைம் கேட்டு ஒரு மெயில் போடுங்க.